பழைய அம்பாசடருக்கு அதிக கம்ப்ரெஷன் பிஸ்டன் போடலாமா?

முத்தியால்பேட்டை அன்பர்:
என் 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடரின் இன்ஜினைப் போர் அடிக்க (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்று அகலமாக்க) கொடுத்திருக்கிறேன். இப்போது கம்ப்ரெஷன் விகிதம் (சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) 7.2. எப்படியும் புதுப் பிஸ்டன் வாங்க வேண்டும் என்பதால், அதை 8.3 ஆக உயர்த்தும் பிஸ்டனையே போட்டால் இழுவை கூடுமா, இன்ஜின் தாங்குமா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
பேரிங்குகள் நல்ல நிலையில் இருந்தால் தாங்கும் ஐயா. இதே குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின்தான் எம்ஜிஏ 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 8.3 விகிதத்தில் ஓடியது. ஆனால் பிஸ்டன் பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே மிஞ்சும் இடம் 7.2க்கு ஏறத்தாழ 60 சி.சி., 8.3க்கு 51 சி.சி. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) முன்பே யாராவது சீவியிருந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும் என்பதால், வால்வுகளையும் பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு அளந்து பாருங்கள். கேஸ்கெட்டின் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகட்டின்) கனத்தையும், பிஸ்டன் தலையின் பள்ளத்தையும் அதோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வில்லியனூர் வாசகர்:
கோட்பாட்டுக் கணக்கில் திறன் கூடுவது 5 சதவீதத்துக்கும் குறைவுதான்; இதற்கென்றே இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு, பிரித்தாயிற்று என்றால் செய்யலாம். 91 ஆக்டேன் பெட்ரோலே போதும். சித்திரை வெயிலில் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எழும் தட்டல் ஓசை) கேட்டால், இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) சற்றுப் பின்தள்ளுங்கள். ரேடியேட்டரை இப்போதே கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.