குழந்தைக்கு இனம்: எதை முன்னால் போடுவது?

பாசிர்ரிஸ்_மருமகள்:
அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூரில் பிரசவம். பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், அதில் இனமும் கேட்பார்கள். நான் தமிழ். கணவரின் அப்பா ஹொக்கியன் சீனர், அம்மா யுரேஷியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சம்). ஆனால் அவர் அடையாள அட்டையில் அப்பா வழியில் ‘சீனர்’ மட்டும்தான்.

இரட்டை இனம் போடப்போகிறோம். சீனர்-இந்தியரா, இந்தியர்-சீனரா? “என் பேரப்பிள்ளைக்கு நம்ம இனம் ஏன் பின்னால போகணும்?” என்கிறார் என் அம்மா. சீனக் குடும்பப் பெயரோடு முன்னால் ‘இந்தியர்’ இருந்தால் பள்ளியில் குழம்புவார்கள் என்கிறார் மாமனார். மாமியார்தான் பாவம், வாயே திறக்கவில்லை. வரிசையால் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

பழைய_குமாஸ்தா:
இரட்டை இனம் 2011 ஜனவரியில் வந்தது. ஆனால் அரசாங்கக் கணக்குக்கு, இரண்டு இனத்துக்கும் நடுவே உள்ள சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் இனம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசு அடுக்குமாடி வீட்டில்தான் இது உறைக்கும். 1989 முதல் ஒவ்வொரு புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் இனவாரி வரம்பு உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைவார்கள், விலையைக் குறைத்துக் கேட்பார்கள். பிள்ளை வீடு வாங்க இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மொழிப் பாடத்துக்கு வரிசை தடையில்லை. தமிழோ சீனமோ நீங்கள் கேட்கலாம்.

கோட்டுக்கு_இருபுறமும்:
நான் இந்தியர்-சீனர், வளர்ந்த பிறகு மாற்றிக்கொண்டவன். சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கு (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடிக்கிறார்கள், மற்றபடி வாழ்க்கை அப்படியேதான். என் முகத்தைப் பார்த்து மாண்டரினில் ஆரம்பிக்கிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டா பேசுகிறார்கள்? பள்ளிக் குழப்பமெல்லாம் முதல் வாரத்தோடு சரி. மாமனாரிடம் சொல்லுங்கள்.

பாசிர்ரிஸ்_மருமகள்:
வீவக பக்கத்தில் பார்த்தேன், இந்தியரும் பிறரும் ஒரே பிரிவாம். யுரேஷியரும் அதற்குள்தான். மாமியாரிடம் சொன்னதும், “அப்போ நீயும் நானும் ஒரே கட்சி” என்று சிரித்துவிட்டார். இத்தனை நாளில் இதைப் பற்றி அவர் பேசியதே இப்போதுதான். அவரையும் சேர்த்து மூன்றாகப் போட முடியாதா?

பழைய_குமாஸ்தா:
இரண்டுக்கு மேல் இடமில்லை. கணவர் முதலில் தன் இனத்தைச் சீனர்-யுரேஷியர் என்று மாற்றினால் பிள்ளைக்கு என்னென்ன சேர்க்கை கிடைக்கும் என்று குடிநுழைவு ஆணையத்திலேயே கேளுங்கள். எப்படியும் 21 வயதுக்குமுன் ஒருமுறை, அதன்பின் ஒருமுறை இனத்தை மாற்றலாம். இரண்டாவது முறை முடிவு பிள்ளையுடையது.

பாசிர்ரிஸ்_மருமகள்:
சரி, இந்தியர்-சீனர், தமிழ் வகுப்பு. மாமனாரிடம் கணவரே பேசிக்கொள்ளட்டும்.