க்ரோனி: மணிக்கூடு இல்லாத பை 3, என்.டி.எஸ். சான்றிதழ் – என்ன திருத்தம் கேட்கலாம்?

வேப்பமரநிழல்:
வணக்கம். நல்லூரில் ஒரு ரியூட்டரியின் வரவுப் பதிவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி ஒன்று. பிள்ளை அட்டையைக் காட்டியதும் வீட்டுக்கு நேரத்தோடு எஸ்.எம்.எஸ். போகும். நேரத்தை க்ரோனி என்ற மென்பொருள் இணையத்திலிருந்து எடுத்துச் சரிபார்க்கிறது, என்.டி.எஸ். வழியாக (நேரம் தருவது உண்மையான சேர்வர்தானா என்று சான்றிதழ் பார்த்து உறுதிசெய்யும் முறை), ஒரே ஒரு சேர்வரிடமிருந்து.

கோயில் திருவிழா 25 நாளும் வீதி மறித்திருந்ததால் வகுப்பு இல்லை, பெட்டியையும் நிறுத்திவிட்டோம். முடிந்த மறுநாள் போட்டால், மணிக்கூடு கொடியேற்றத்துக்கு முந்திய மாலையில் நிற்கிறது. அன்று போன எல்லா எஸ்.எம்.எஸ்.இலும் பழைய திகதி. மகள் வரவில்லையாக்கும் என்று ஒரு அம்மா பதறி ஓடி வந்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

காரணம் பிடிபட்டது. பை 3இல் பற்றரி மணிக்கூடு கிடையாது. 'எஸ்' சுவிட்ச் போட்டிருப்பதால் க்ரோனி, ட்ரிஃப்ட் கோப்பு (மணிக்கூடு எவ்வளவு விரைவாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்று அது குறித்துவைக்கும் கோப்பு) கடைசியாக எழுதப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரவில் கரண்ட் போய் வந்தால் அது போதும். ஆனால் இந்த 25 நாளுக்குள் சேர்வர் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டது. எங்கள் பெட்டியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் மறுக்கிறது, மறுப்பதால் நேரம் வராது, நேரம் வராததால் திரும்பவும் மறுக்கிறது. நிலையைக் காட்டும் 'ஆத்டேட்டா' கட்டளையில் குக்கி (சேர்வர் ஏற்றுக்கொண்டபின் தரும் அடையாளத் துண்டு) 0, முயற்சி எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

க்ரோனியின் அமைப்புக் கோப்பில் 'நோசெர்ட்டைம்செக் 1' போட்டால் வேலை செய்யும். ஆனால் அது தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டையும் பார்க்காமல் விடுகிறது. சேமித்த நேரம் உண்மை நேரத்துக்குப் பிந்தித்தான் ஓடும், முந்தாது. அந்த நேரத்திலேயே காலாவதியான சான்றிதழ் நிச்சயம் காலாவதிதான். ஆகவே தொடக்கத் திகதியை மட்டும் ஒருமுறை விட்டுக்கொடுக்கும் தெரிவு ஒன்றை க்ரோனியை எழுதுபவர்களிடம் கேட்க விரும்புகிறேன். எப்படித் திட்டமிடலாம்?

பனங்கூடல்:
தம்பி, முதலில் டிஎஸ்3231 என்ற பற்றரி மணிக்கூட்டுச் சில்லு ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். அப்புறம் ஒரே சேர்வரை நம்ப வேண்டாம், நாலு போடுங்கள். எல்லாச் சான்றிதழும் ஒரே கிழமையில் மாறாது.

வேப்பமரநிழல்:
பூட்டுகிறேன் அண்ணா. ஆனாலும் அந்தப் பற்றரியும் ஒருநாள் தீரும். அன்றைக்கும் தானாக மீள வேண்டும்.

கடல்நீரேரி:
கேட்பது நியாயம். சான்றிதழைச் சோதிக்க க்ரோனி பயன்படுத்தும் ஜிஎன்யுடிஎல்எஸ் என்ற நிரல் நூலகம், 'இன்னும் தொடங்கவில்லை', 'காலாவதி' இரண்டையும் வேறு வேறு நிலையாகவே திருப்பித் தருகிறது, ஆகவே பிரிக்க வழி உண்டு. ஒரு ஓட்டையை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்: பெட்டி நின்றிருந்த காலத்துக்குள் வழங்கப்பட்டு, அதற்குள்ளேயே காலாவதியான சான்றிதழின் சாவி ஒருவனிடம் இருந்தால் அவன் பொய் நேரம் தரலாம். அதனால் ட்ரிஃப்ட் கோப்பிலிருந்து தொடங்கியபோது மட்டும், முதல் திருத்தம் வரை மட்டும் என்று கட்டுங்கள். க்ரோனியின் சோதனைகள் சிஎல்கேநெட்சிம் என்ற போலி வலையமைப்பில் ஓடுகின்றன. அதில் தோற்கும் சோதனை ஒன்றோடு போனால்தான் பேச்சு நகரும்.

வேப்பமரநிழல்:
மிக்க நன்றி. சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் ட்ரிஃப்ட் கோப்பின் திகதியை 25 நாள் பின்னுக்கு மாற்றி, பெட்டியைத் திரும்பப் போட்டு லொக் எடுக்கிறேன். சோதனையையும் அந்த ஓட்டை பற்றிய பந்தியையும் முதலில் எழுதுகிறேன். நிரல் அதற்குப் பிறகு.