படுவான்கரையில் காணாமல் போன மாமா: கண்டதை மட்டும் சொல்லுங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். மாட்டுப் பட்டிக்குப் போன எங்கள் மாமா திரும்பவில்லை. இரண்டு வருடமாகிறது. சைக்கிள் மட்டும் வாய்க்கால் கட்டில் நின்றது, பால் கேன் அதிலேயே தொங்கியபடி.

யானை அடித்தது என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு சாரத்துண்டாவது கிடைத்திருக்காதா? குளத்து முதலை என்கிறார் ஒருவர். உகந்தை முருகன் கோயில் பக்கம் கதிர்காமப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு கண்டேன் என்கிறார் இன்னொருவர். மாமி அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். குறி கேட்டுக் கரைந்த காசு வேறு.

சரி, எனக்கு வேண்டியது இரண்டு. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயிலிலிருந்தோ இடையிலோ யாத்திரையில் சேர்ந்து குமண காட்டுவழி நடந்தவர்கள், எடுத்த போட்டோ, வீடியோக்களைப் பாருங்கள். மாமா அறுபது தாண்டியவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அடுத்தது, பொலிஸ் முறைப்பாட்டின் நிலையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேட்க நினைக்கிறோம். விண்ணப்பம் போட்ட அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பக்கத்து வயல்காரரைச் சந்தேகித்து மட்டும் எழுதாதீர்கள். எங்களோடு மூன்று நாள் காடு முழுக்கத் தேடியது அந்த மனுசன்தான்.