மறு: பக் டிராக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மென்பொருளில் வரும் கோளாறுகளை (பக்) பதிந்து வைக்கும் கருவியான பக் டிராக்கருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த யோசனைகளில் ஒன்று:

> வழுத்தடங்காணி என்று வைக்கலாம். டிராக் என்றால் தடம். தடத்தைக் காண்பது தடங்காணி.

லாசுப்பேட்டை நண்பர் இதை எழுதிய நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு சுளுக்குகிறது. அதுகூடப் பரவாயில்லை, பழகிவிடும். என் குறை வேறு. அந்தக் கருவி எதன் தடத்தையும் தேடிப் போவதில்லை. நாம் எழுதி வைத்த கோளாறை, அது தீரும்வரை மறக்காமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லைப் பிய்த்துப் பிய்த்துத் தமிழாக்கினால் அந்த வேலை சொல்லுக்குள் வருவதில்லை.

ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரு சொல் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். இந்த வகைக் கருவிகள் பல உண்டு. 1998-இல் வந்த பக்ஸில்லாவில் எல்லாமே பக்தான். புதிய வசதி வேண்டும் என்று கேட்டாலும் அதையும் ஒரு பக் என்றே பதிய வேண்டும். டிராக் (Trac) என்ற கருவியில் அது டிக்கெட். கிட்டீயாவிலும் கிட்லேபிலும் இஷ்யூ. ரெட்மைனில்தான் பெரிய கூத்து: அங்கே டிராக்கர் என்றால் கருவியே இல்லை, பதிவின் வகை. பக், ஃபீச்சர், சப்போர்ட் என்ற மூன்றும் அங்கே மூன்று டிராக்கர்கள். தடங்காணி என்ற சொல்லை ரெட்மைனுக்குக் கொண்டுபோனால் அங்கே அதை எங்கே ஒட்டுவது?

எங்கள் கதையைச் சொல்கிறேன். கடலூரில் நாங்கள் நாலு பேர், மளிகைக் கடைகளுக்குத் தமிழில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். ஆறு மாதம் முன்புவரை எங்கள் பதிவேடு வாட்ஸ்அப் குழுதான். திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர் ஒருவர், கால் கிலோ புளி பில்லில் 250 கிலோவாக விழுகிறது என்று குரல் செய்தி அனுப்பினார். பின்னால் மின்விசிறிச் சத்தம், நடுவில் யாரோ வெல்லம் விலை கேட்கிறார். கேட்டோம், சிரித்தோம், மறந்தோம். மூன்று வாரம் கழித்து அதே கடை, அதே புளி. அன்றைக்குத்தான் ஒழுங்காக ஒரு கருவி வேண்டும் என்று முடிவானது.

கிட்லேபை எங்கள் பழைய கணினி தாங்கவில்லை. கிட்டீயா ஒரே கோப்பு, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலேயே ஓடும். ஆனால் ஒரு பதிவு புதியதா, முடிந்ததா என்று காட்டும் நிலைகளை எங்களுக்கு வேண்டியபடி அமைக்க அதில் வசதி போதவில்லை. மாண்டிஸ் எளிது. பெயரும் எனக்குப் பிடிக்கும்: மாண்டிஸ் என்பது கும்பிடுபூச்சி, பூச்சிகளைத் தின்பது. கடைசியில் ரெட்மைனில் நின்றோம். வகை, நிலை இரண்டின் பெயர்களையும் நிர்வாகப் பக்கத்திலேயே தமிழில் மாற்றிக்கொள்ளலாம், நிரலைத் தொட வேண்டாம்.

மாற்றினோம். ஏற்காமல் விட்ட பதிவின் நிலையான ரிஜெக்டட் என்பதற்கு யோசிக்காமல் "தள்ளுபடி" என்று போட்டுவிட்டேன். கடைக்காரர்களுக்கும் கணக்குத் திறந்து கொடுத்திருந்தோம். மறுநாள் காலை ஒருவர் அழைத்தார்: "தம்பி, எனக்குத் தள்ளுபடின்னு வந்திருக்கே, எத்தனை சதவீதம்?"

கலைச்சொல் அகராதியில் பார்த்தால் தள்ளுபடி சரியான சொல்தான். கடைக்காரர் கண்ணில் அது ஆடித் தள்ளுபடி.

> பக் என்பதற்குப் பூச்சி என்றே வைத்தால் என்ன? வரலாறும் அதுதானே.

1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலேயில் (மின்சுவிட்சில்) சிக்கிய அந்துப்பூச்சியை நெய்வேலி நண்பர் நினைக்கிறார். ஆனால் கருவிக் கோளாறை பக் என்பது அதற்கும் முந்தைய வழக்கு. எடிசன் 1878-லேயே அப்படி எழுதியிருக்கிறார். 1947-இல் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தவர்கள், "நிஜமான பூச்சியே கிடைத்துவிட்டது" என்று கிண்டலாகத்தான் எழுதினார்கள். அந்தக் கிண்டல் தமிழில் நிற்காது. பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவரிடம் மென்பொருளில் பூச்சி என்றால் மருந்தடிக்கக் கிளம்பிவிடுவார்.

பக் என்பதற்கு "வழு" போதும். ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். அதைவிட, அந்தச் சொல் தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வருகிறது. வழு, வழாநிலை, வழுவமைதி என்று பள்ளியில் படித்ததுதான். இலக்கணப்படி தவறு, ஆனால் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்கிறோம் என்பது வழுவமைதி. பக்ஸில்லாவில் "இதைச் சரிசெய்யப் போவதில்லை" என்று சொல்லும் "வோன்ட்ஃபிக்ஸ்" நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ரெட்மைனில் தள்ளுபடியை எடுத்துவிட்டு இதைத்தான் போட்டிருக்கிறேன். முன்பே பதிந்ததை மறுபடி பதியும் டூப்ளிகேட்டுக்கு நன்னூலின் பத்துக் குற்றங்களில் ஒன்றான "கூறியது கூறல்". விவரம் போதாமல் வருவதற்கு "குன்றக் கூறல்". எங்கள் குழுவில் இளையவர் ஒருவர், புளிக்காகத் திறந்த பதிவில் பிரிண்டர் பிரச்சினையையும் சேர்த்து எழுதுகிறவருக்கு "மற்றொன்று விரித்தல்" என்று நிலை வைக்கச் சொல்கிறார். ஆசை அடக்கி வைத்திருக்கிறேன். இவையெல்லாம் எங்கள் நாலு பேருக்குள் மட்டும். கடைக்காரர் திரையில் "முன்பே உள்ளது", "விவரம் வேண்டும்" என்றுதான் தெரியும்.

சரி, டிக்கெட்? இஷ்யூ? பதிவது எல்லாமே வழு இல்லை, பாதி ஆசைகள். முத்தியால்பேட்டை அக்கா "மனு" என்றார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் எண் விழும், துறைக்குப் போகும், பதில் வரும். வடிவம் அப்படியே பொருந்துகிறது அக்கா, ஆனால் மனு என்றாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றுகிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்கியவர் நம்மிடம் மனு போடுவானேன்?

நான் "சீட்டு" என்கிறேன். ஏலச்சீட்டு நினைவு வரும், சீட்டைக் கிழிப்பதும் நினைவு வரும், தெரியும். நான் நினைப்பது அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை. வரிசையில் நின்று எண் வாங்குகிறோம். என்ன தொந்தரவு என்று ஒரு வரி. மருத்துவர் கீழே எழுதுகிறார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார், அவர்களும் அதே சீட்டில் எழுதுகிறார்கள், திரும்பி வருகிறது. நோய் இருக்கிறதா என்பது பிறகுதான் தெரியும்; சீட்டு முதலிலேயே கிடைத்துவிடுகிறது. டிக்கெட் செய்கிற வேலை இதுதான். சீட்டுகளை வைத்திருக்கிற கருவி "சீட்டேடு". பக்ஸில்லா, மாண்டிஸ் போல வழுவையே மையமாக வைத்தவற்றை "வழுவேடு" எனலாம். ரெட்மைனின் டிராக்கர் வெறும் "வகை".

ஒன்றில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. மூடிய சீட்டை மறுபடி எடுப்பதை, ரீஓபனை, "மறுதிறப்பு" என்று போட்டிருக்கிறேன். சாலையோ பள்ளியோ மறுபடி திறக்கிற மாதிரி இருக்கிறது. ஓ.பி.யில் இரண்டாம் முறை போகிறவரிடம் "பழைய சீட்டு இருக்கா?" என்று கேட்பார்கள் இல்லையா, "பழைய சீட்டு" என்றே வைத்துவிடலாமா? புளிக்கடைக்காரர் நேற்று மறுபடி அழைத்தார், இந்த முறை மிளகாய். அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து