பெகு வீட்டு ஆளுங்க குரூப்: குமார் பாத்த ஃபிட்

குமார்: எல்லாரும் பாருங்க, வாங்கலாம்னு ரங்கூன் தாமுவேல ஒரு ஹோண்டா ஃபிட் காரு பாத்திருக்கேன், 2009, வெள்ளை, ஏசி சும்மா ஜில்லுன்னு இருக்கு. ஏர்பேக் ரெண்டு, பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ் எல்லாம் கம்பெனிலயே வந்ததாம், சேஃப்டிக்கு ஒரு குறையும் இல்லன்னு தரகர் சொல்றாரு

தேவி அக்கா: கலர் நல்லாருக்குடா. எவ்ளோ சொல்றான்?

குமார்: அத தனியா சொல்றேன்க்கா

முருகேசன் மாமா: ஏர்பேக் இருக்குங்கறது சரி, அது எப்ப செஞ்ச ஏர்பேக்? மாத்துனாங்களா?

குமார்: மாத்தறதா? அது என்ன டயரா மாமா 😂

செல்வி அத்தை: ஆரம்பிச்சிட்டாரு. சோறு ஆறுது இங்க

செல்வி அத்தை: நாங்கல்லாம் சண்டைக் காலத்து ஷெவர்லே லாரிய பஸ்ஸா மாத்தி ஓட்டுனாங்களே அதுல தொங்கிக்கிட்டு ஸ்கூலுக்கு போனவங்க, பெல்ட்டாவது பேக்காவது

சென்னை சித்தப்பா: அப்ப யார் காருலயும் ஒண்ணும் கிடையாது அண்ணி. இப்ப தோள்ல மாட்டுற மூணு முனை பெல்ட்டு இருக்குல்ல, அத வோல்வோ கம்பெனில நீல்ஸ் போலின்னு ஒரு எஞ்சினியர் 1959ல கொண்டாந்தாரு, வேற கம்பெனியும் செஞ்சுக்கட்டும்னு பேட்டன்ட்ட திறந்தே விட்டுட்டாங்க. ஓசியா கெடச்சும் மத்தவன் உடனே போடல பாருங்க, அமெரிக்காவுல 1968ல சட்டம் வந்தப்பறம்தான் எல்லா புதுக் கார்லயும் பெல்ட்டு

குமார்: கம்பெனிக்காரன் நம்ம உயிர் மேல அக்கறைல போடுறான்னு நெனச்சேன் 😅

முருகேசன் மாமா: அக்கறையா, நீ வேற. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1970கள்லயே ஏர்பேக் வச்சு கொஞ்சம் கார் வித்தான், வாங்க ஆளில்ல, நிறுத்திட்டான். அமெரிக்காவுல முன்னாடி ரெண்டு சீட்டுக்கும் ஏர்பேக் இல்லாம புதுக் கார் விக்கக்கூடாதுன்னு 1998 மாடல்லதான் வந்துச்சு. கேமராவுக்கு குடுக்குற காச ஜனங்க இதுக்கு குடுக்க மாட்டாங்க, பட்டறைல தினம் பாக்குறேனே

சென்னை சித்தப்பா: ஆமா மச்சான், இங்க இந்தியாவுல டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனதே 2019லதான்

தேவி அக்கா: வண்டி வழுக்காம புடிக்குமே, அது இதுல இருக்கா?

முருகேசன் மாமா: ஈஎஸ்சி. அது ஒரு கத. 1997ல மெர்சிடிஸ் சின்னக் காரு ஏ கிளாஸ, குறுக்க மான் வந்தா ஒடிக்கிற மாதிரி ஸ்வீடன்ல ஓட்டிப் பாத்தாங்க, குப்புற கவுந்துருச்சு, மானம் போச்சு. அப்பறம்தான் அந்த சின்னக் காரு எல்லாத்துலயும் அத போட்டான். ஐரோப்பாவுல எல்லா புதுக் காருக்கும் கட்டாயம்னு ஆக 2014 ஆயிருச்சு. 2009 ஃபிட்ல எல்லா கிரேடுலயும் வராதும்மா, ஹோண்டா அதுக்கு விஎஸ்ஏன்னு பேரு வச்சிருக்கான், டேஷ்ல விஎஸ்ஏ பட்டன் இருக்கான்னு பாக்கணும்

குமார்: பட்டன் இல்ல மாமா. பரவால்ல, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். ஏர்பேக் பத்தி சொல்லுங்க

முருகேசன் மாமா: தகாட்டான்னு ஜப்பான்ல ஒரு கம்பெனி, ஹோண்டா டொயோட்டான்னு நிறைய பேருக்கு ஏர்பேக் குடுத்தவன். பைய ஊத வைக்கிற மருந்துல அமோனியம் நைட்ரேட் போட்டான். வருஷக்கணக்கா வெயில்லயும் ஈரத்துலயும் கெடந்தா அந்த மருந்து கெட்டுப் போயி, மோதும்போது அளவுக்கு மீறி வேகமா எரிஞ்சு இரும்பு டப்பாவே வெடிச்சு துண்டு துண்டா மூஞ்சிலயும் கழுத்துலயும் பாயும். மலேசியாவுலயே செத்துருக்காங்க. உலகத்துல கோடிக்கணக்கான வண்டி திருப்பி அழைச்சு மாத்துனாங்க, 2017ல அந்த கம்பெனி திவாலே ஆயிருச்சு. நம்ம ரங்கூன் வெயிலு, மழை பத்தி நான் சொல்லணுமா

தேவி அக்கா: ஐயோ சாமி. காப்பாத்த வச்சதே குத்துமா

குமார்: மாத்துன வண்டியா இல்லையான்னு எப்டி தெரியும்

முருகேசன் மாமா: சாசி நம்பர் எடு. ஜப்பான்ல ஓடுன வண்டிக்கு 17 எழுத்து நீளமா இருக்காது, ஜிஇ6ன்னு போட்டு ஒரு கோடு, அப்பறம் ஏழு நம்பர். ரீகால்னா இப்டி திருப்பி அழைக்கறது, ஹோண்டாவோட ஜப்பான் ரீகால் வெப்சைட்டுல அத போட்டா பாக்கி வேலை இருக்கான்னு காட்டும். இன்னொண்ணு, சாவி திருப்புனதும் ஏர்பேக் லைட்டு எரிஞ்சு சில செகண்டுல அணையணும். எரியவே இல்லன்னா எவனோ பல்ப கழட்டிருக்கான். சில பேரு வெடிச்ச பைய தூக்கிப் போட்டுட்டு வெறும் மூடிய ஒட்டி, உள்ள ரெசிஸ்டர்னு ஒரு சின்ன கரண்ட்டு பாகத்த வச்சு லைட்ட ஏமாத்திருவான், ஸ்டியரிங் மூடி ஓரத்த நகத்தால தடவிப் பாரு

சென்னை சித்தப்பா: பின் சீட்டு பெல்ட்டையும் பாருப்பா. முன்னாடி டாடா குழும தலைவரா இருந்த சைரஸ் மிஸ்திரி 2022ல பென்ஸ் கார்ல பின்னாடி பெல்ட்டு போடாம உக்காந்து போயி விபத்துல செத்தவருதான்

முருகேசன் மாமா: பெல்ட்ட சடக்குன்னு இழு, லாக் ஆகணும். பெல்ட்டு போடாதவனுக்கு ஏர்பேக்கும் சரியா வேலை செய்யாது. நம்ம பர்மாவுல 1970ல வண்டி ஓட்டுறத ரோட்டோட வலது பக்கம் மாத்துனாங்க, ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலதுல, முன்னாடி லாரி போனா எதிர்ல வர்றது நமக்கு தெரியவே தெரியாது, உங்க அத்தை எட்டிப் பாத்து போ போங்கறா, நான் போறேன்

செல்வி அத்தை: இத்தன வருஷமா உங்க ஏர்பேக் நான்தான்

குமார்: 😂😂 நம்பர் போட்டுட்டேன் மாமா, எல்லாம் ஜப்பான் எழுத்தா இருக்கு. தேவிக்கா, ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருக்கேன், அத்தான் அங்க ஏழெட்டு வருஷம் இருந்தாருல்ல, படிக்கச் சொல்லு

தேவி அக்கா: தூங்குறாரு, எழுப்புறேன் இரு

தேவி அக்கா: படிச்சிட்டாரு. பக்கத்து சீட்டு ஏர்பேக், ரீகால் வேலை இன்னும் செய்யலன்னு போட்டிருக்காம்

முருகேசன் மாமா: அட்வான்ஸ் குடுக்காத. மாத்துன வண்டியா தேடு, இதே ரேட்டுல கெடைக்கும், நாளைக்கு நானும் வர்றேன்