மோசெல் ஆற்றங்கரைச் சைக்கிள் பயணம்: பின் சக்கரக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன

கேள்வி

வணக்கம். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் ட்ரியர் நகரத்திலிருந்து கோப்லென்ஸ் வரை, கூடாரம், அடுப்பு, படுக்கைப்பை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு தனியாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறேன். வழி நெடுகிலும் ரீஸ்லிங் திராட்சைத் தோட்டங்கள். அறுவடை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்று மாலை பெர்ன்காஸ்டல்-கூஸ் ஊரின் முகாம் திடலுக்கு வந்து சேர்ந்தேன்.

பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று ட்ரியரைத் தாண்டியதும் உடைந்தது. வழியில் ஒரு கடையில் அந்தக் கம்பியை மட்டும் மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் பீஸ்போர்ட் அருகே அதே பக்கத்தில் வேறொரு கம்பி உடைந்தது. இங்கே வந்து சேர்வதற்குள் இன்னொன்றும் போய்விட்டது. ரிம் (சக்கரத்தின் வெளி வளையம்) ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கட்டையில் உரசுகிறது. 700சி அளவுச் சக்கரம், 32 கம்பிகள், வி-பிரேக். பாரம் ஏறத்தாழ 25 கிலோ. முழுவதும் பின் கேரியரிலும் அதன் இரு பக்கப் பைகளிலும்தான் இருக்கிறது. பாதையோ தார்ச்சாலை, மேடு பள்ளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அப்படியிருக்க, கம்பிகள் ஏன் தொடர்ந்து உடைகின்றன? இங்கிருந்து பழைய ரயில் தடத்தில் அமைத்த பாதை வழியாக ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கும் டவுன் (Daun) என்ற ஊர் வரை சென்று திரும்பும் எண்ணம் உண்டு. அதைக் கைவிட வேண்டுமா?

பதில்: கோவையில் சைக்கிள் பட்டறை நடத்துபவர்

வணக்கம் சகோதரி. காரணத்தைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். உடைந்த கம்பிகள் செயின் பக்கத்தைச் சேர்ந்தவையா, எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்தவையா? உடைந்த இடம் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பை ஒட்டிய வளைவா, ரிம்மை ஒட்டிய மரையா? காசெட்டுக்கு (பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதிக்கு) பின்னால் இருக்கும் கம்பிகளில் செயின் உரசிய கீறல் ஏதேனும் தெரிகிறதா? எப்போதாவது செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே விழுந்து கம்பிகளைக் கீறியிருந்தால், அந்தக் கீறலிலிருந்தே முறிவு தொடங்கும். அதற்கான வைத்தியம் வேறு. மற்றொன்றும் செய்யுங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேளுங்கள். சீராக இழுத்துக் கட்டிய சக்கரமானால் அவை ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கும்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன் ஐயா. எல்லாமே செயின் பக்கம். எல்லாமே ஹப்பின் துளையை விட்டு வெளியே வந்து கம்பி வளையும் இடத்திலேயே முறிந்திருக்கின்றன. கீறல் எதுவும் இல்லை. சுண்டினால் ஒன்று கணீரென்கிறது, அடுத்தது மந்தமாக அதிர்கிறது. எதிர்ப்பக்கத்தில் சில கம்பிகளை இரு விரலால் பிடித்து எளிதாக ஆட்ட முடிகிறது.

பதில்: கோவையில் சைக்கிள் பட்டறை நடத்துபவர்

அப்படியானால் குற்றம் சாலையிலும் இல்லை, கம்பியின் தரத்திலும் இல்லை. சக்கரம் போதிய இழுவிசையோடு கட்டப்படவில்லை. சைக்கிள் நகரும்போது தரையைத் தொடும் பகுதியின் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தளர்ந்து மீண்டும் இறுகுகின்றன. உங்கள் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர், 60 கி.மீ. ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் சுமார் 28,000 முறை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறது. இறுக்கமாக இழுத்துக் கட்டிய கம்பி தளரும்போதும் இழுபட்ட நிலையிலேயே இருப்பதால் வளைவு அசையாது. தொய்வாகக் கட்டிய கம்பியோ முழுவதுமாகத் தளர்ந்து, வளைவில் இப்படியும் அப்படியும் அசைந்து, உலோகம் களைத்து முறிகிறது. காசெட்டுக்கு இடம் விடுவதற்காகப் பின் சக்கரத்தின் செயின் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. அதனால் பாரத்தில் பெரும் பங்கை அவைதாம் சுமக்கின்றன. அந்தப் பக்கத்தில் சில கம்பிகள் தொய்ந்திருந்தால், அவற்றின் பங்கும் அண்டைக் கம்பிகளின் தலையில் விழுகிறது.

கடைக்காரர் ஒரு கம்பியை மட்டும் மாற்றியது நோயைத் தீர்க்காது. மற்றக் கம்பிகளும் அதே அளவுக்குக் களைத்திருக்கின்றன. களைத்த உலோகத்தை இறுக்கினாலும் அது புதிதாகிவிடாது. செயின் பக்கத்தின் 16 கம்பிகளையும் மொத்தமாக மாற்றி, இரு பக்கமும் சீராக இழுவிசை ஏற்றச் சொல்லுங்கள். நடுப்பகுதி மெலிந்த, 2.0 மி.மீ. தொடங்கி 1.8 மி.மீ.க்கு இறங்கி மீண்டும் 2.0 மி.மீ. ஆகும் கம்பிகள் கிடைத்தால் அவற்றையே போடுங்கள். மெலிந்த நடுப்பகுதி நீண்டு கொடுப்பதால் வளைவுக்குச் செல்லும் அதிர்ச்சி குறையும். ஹப்பும் ரிம்மும் நன்றாக இருந்தால் மாற்ற வேண்டாம்.

இப்போதைக்கு, உடைந்த கம்பியைக் கழற்றிவிட்டு, அதற்கு இரு பக்கமும் இருக்கும் எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். உரசல் நிற்கும் அளவுக்கு ரிம் நேராகிவிடும். அதற்கு மேல் எதையும் திருக வேண்டாம். டவுன் வரையிலான ஏற்றம் மென்மையானதுதான் என்றாலும், இந்தச் சக்கரத்தோடு பாரம் ஏற்றிப் போவதை என் மனம் ஒப்பவில்லை.

பதில்: கோப்லென்ஸில் வசிப்பவர்

சகோதரிக்கு வணக்கம். நாளை ஞாயிற்றுக்கிழமை; ஜெர்மனியில் ஞாயிறு அன்று கடைகள் திறக்காது என்பதால் பெர்ன்காஸ்டலில் பட்டறை தேடி அலைய வேண்டாம். அங்கே ரயில் நிலையமும் இல்லை. ட்ரியருக்கும் புல்லாய்க்கும் இடையே ஆற்றோரமாக ஓடிய பழைய ரயில் 1960களிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. நீங்கள் வந்த சைக்கிள் பாதையின் சில பகுதிகள் அந்தத் தடத்தின் மேலேயே போடப்பட்டவை. ஆகவே ட்ராபன்-ட்ரார்பாக் வரை ஆற்றோரமாக மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். 20 கி.மீ.க்குச் சற்று அதிகமாக இருக்கும். குன்றைக் கடந்து போனால் தூரம் மிகக் குறைவு என்று வரைபடம் ஆசை காட்டும். அந்த ஏற்றத்தில் கால் வைக்க வேண்டாம். ட்ராபனிலிருந்து கிளை ரயில் உங்களைப் புல்லாயில் சேர்க்கும். அங்கே மாறினால் ஒரு திசையில் ட்ரியர், மறு திசையில் கோப்லென்ஸ். இரண்டும் பெரிய நகரங்கள் என்பதால் திங்கள்கிழமை வேலை முடிந்துவிடும். இந்த மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறு நாள் முழுவதும் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

கோப்லென்ஸுக்கு வந்தால் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். எடிகர்-எல்லருக்கும் கோஹெமுக்கும் இடையே ரயில் 4 கி.மீ.க்கு மேல் நீளும் சுரங்கத்தில் நுழைந்துவிடும். ஆறு அதே இரு ஊர்களுக்கு இடையே 20 கி.மீ. சுற்றி வருகிறது, பைல்ஷ்டைன் என்ற சிற்றூர் அந்த வளைவில்தான் இருக்கிறது. புல்லாய்க்கும் எல்லருக்கும் நடுவே, ப்ரெம் ஊரின் தலைக்கு மேல் ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைச் சரிவுகளில் ஒன்றான கால்மொண்ட் நிற்கிறது. சில இடங்களில் சரிவு 60 பாகைக்கும் மேல்; கற்பலகைப் பாறைகளுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாள வண்டியில் ஏறித்தான் அறுவடை செய்கிறார்கள். மோசெலில் இவ்வளவு தூரம் வந்தவர் அதைப் பார்க்காமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆகவே சக்கரத்தைச் சரிசெய்த பிறகு ரயிலில் புல்லாய்க்குத் திரும்பி, அங்கிருந்து ஆற்றோடு இறங்கி வாருங்கள்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டக்காரர்களிடம் வாங்கிய ஒயின் பாட்டில்கள் பையில் இருக்கின்றனவா? முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று கண்ணாடியோடு சேர்த்து ஏறத்தாழ 1.25 கிலோ, ஆறு பாட்டில் என்றால் உங்கள் கூடாரத்தை விடவும் கனமாக இருக்கும். பல தோட்டங்களில் பெட்டியாகக் கட்டி அஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். செப்டம்பரில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காலை மூடுபனி வெகுநேரம் நிற்பதால், கூடாரத் துணியை ஈரத்தோடு சுருட்டினாலும் எடை கூடும். வெயில் வரும்வரை காத்திருந்து உலர்த்திக் கட்டுங்கள். வழியில் மறுபடியும் கம்பி உடைந்தால் தோட்டத்துக்குள் கூடாரம் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். அது தனியார் நிலம்; அனுமதியின்றித் தங்குவது சட்டப்படி தவறு. அடுத்த முகாம் திடல் பெரும்பாலும் சில கி.மீ. தூரத்திலேயே இருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பையில் நான்கு பாட்டில்கள் இருந்தன. பெர்ன்காஸ்டலிலேயே ஒரு தோட்டக்காரர் தம் பெட்டிகளோடு சேர்த்து அவற்றையும் அனுப்பி வைக்க ஒப்புக்கொண்டார். கூடாரத்தைக் கைப்பிடியின் முன்னால் கட்டி, ஊருக்குள் கல் பாவிய தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே சென்றேன். ட்ராபன் வரை கம்பி எதுவும் உடையவில்லை. கோப்லென்ஸ் பட்டறையில் இழுவிசை அளக்கும் கருவியைக் கொண்டு பார்த்தபோது, செயின் பக்கத்திலேயே சில கம்பிகளில் மற்றவற்றின் பாதி அளவுகூட இல்லை. 16 கம்பிகளையும் மாற்றிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் பழைய கம்பிகளை இறுக்கி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நாளைக் காலை புல்லாய் செல்கிறேன். எதிர்ப்பக்கம் தாங்குமா?

பதில்: கோவையில் சைக்கிள் பட்டறை நடத்துபவர்

நல்ல செய்தி. எதிர்ப்பக்கத்தில் இதுவரை ஒன்றும் உடையாததால் இந்தப் பயணத்துக்குத் தாங்கும் என்றே நினைக்கிறேன். ஊர் திரும்பியதும் அவற்றையும் மாற்றிவிடுங்கள். புறப்படும் முன் பட்டறையிலேயே இரண்டு பக்கத்துக்கும் தலா இரண்டு உதிரிக் கம்பிகள் வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கத்தின் நீளமும் ஒன்றல்ல, 1 அல்லது 2 மி.மீ. வேறுபடும், எது எந்தப் பக்கத்துக்கு என்று நாடாவில் எழுதி ஒட்டி, பிரேமின் பின் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். செயின் பக்கக் கம்பியை மாற்ற வேண்டுமானால் காசெட்டைக் கழற்றியாக வேண்டும்; அதற்கான சிறிய கருவியை அவர்களிடமே கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், காசெட்டைக் கழற்றாமலே மாட்டக்கூடிய நார்க் கயிற்றுக் கம்பி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கம்பிகள் முதல் 100 கி.மீ.க்குள் ஹப்பில் அமர்ந்து சற்றுத் தளரும். கோஹெம் வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒவ்வொரு கம்பியையும் சுண்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிப்பதை மட்டும் கால் சுற்று இறுக்கினால் போதும்.