குழு: லயத்து உறவுகள், சுங்கை சிப்புட்

ரவி மாமா: எல்லாருக்கும் வணக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாலாய்ராயா பொது மண்டபத்தில் மாதிரி விமானத்துக்கு இறக்கை செய்யும் பட்டறை. முதல் நாள் ஃபோம் வெட்டுவது, மறுநாள் அதன் மேல் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடியிழைத் துணி) ஒட்டுவது. இறக்கை நீளம் 1.2 மீட்டர். எத்தனை பிள்ளைகள் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

தேவி பெரியம்மா: என் பேரன் இரண்டு பேரும் வருவார்கள். ஏன் தம்பி, கடையில் ரெடிமேட் விமானம் கிடைக்கிறதே?

ரவி மாமா: கிடைக்கும் அக்கா. செம்பனையில் மோதி உடைந்ததும் ஒட்டத் தெரியாமல் அலமாரி மேல் போட்டுவிடுகிறார்கள். சொந்தமாகச் செய்தவன் அன்று சாயங்காலமே சரி பண்ணுவான்.

சேகர் சித்தப்பா: மச்சான், லூமுட்டில் போட் வேலை முடிந்து, ஃபைபர் ஒட்டுகிற ரெசின் அரை டின் மீந்து கிடக்கிறது. கொண்டு வருகிறேன், காசு மிச்சம்.

ரவி மாமா: போலியெஸ்டர் ரெசின்தானே? வேண்டாம் மச்சான். அதில் ஸ்டைரீன் என்கிற திரவம் இருக்கிறது, நாம் வெட்டப்போகும் போலிஸ்டரின் ஃபோமைக் கரைத்துவிடும். இதற்கு எபோக்சி ரெசின்தான்.

சேகர் சித்தப்பா: போட்டில் ஃபோம் மேலேயே பூசுகிறோமே, ஒன்றும் ஆனதில்லை.

ரவி மாமா: அது மஞ்சள் பியூ (போலியூரித்தேன்) ஃபோம், தாங்கும். மீன் பெட்டி போலிஸ்டரின்தான், அதில் ஒரு துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

சேகர் சித்தப்பா: 📷 குழி விழுந்துவிட்டது 😂

கவின்: சித்தப்பா, பெட்டியில் மீன் இருந்ததா?

சேகர் சித்தப்பா: டேய்.

கவின்: மாமா, அப்போ மஞ்சள் ஃபோமிலேயே செய்யலாமே?

ரவி மாமா: அதைச் சூட்டுக் கம்பியில் வெட்டவே கூடாது, நச்சுப் புகை வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் வடிவம் எடுக்கணும். போலிஸ்டரினுக்கும் சன்னல் எல்லாம் திறந்திருக்கணும்.

லோகா: வளைவு எப்படி வரும் மாமா?

ரவி மாமா: இரண்டு முனையிலும் பிளைவுட் அச்சு ஒட்டுவோம். வடிவம் கிளார்க் ஒய், 1922இல் வர்ஜினியஸ் கிளார்க் வரைந்தது. அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டை, மேசையில் வைத்து வேலை செய்ய வசதி. சூடேறுகிற நிக்ரோம் கம்பியை வில்லில் இழுத்துக் கட்டி, ஆளுக்கு ஒரு முனை பிடித்து அச்சின் மேலேயே ஓட்டணும். இங்கேதான் சண்டை வரும். இறக்கையின் அகலம் உடம்புப் பக்கம் 22 செ.மீ., நுனி 16 செ.மீ. இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கணும். அதனால் இரண்டு அச்சிலும் ஒரே எண்ணிக்கையில் கோடு போட்டு, எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவோம். அவசரப்பட்டு இழுத்தால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி ஃபோம் குழிந்துவிடும்.

லோகா: பாட்டி பக்கத்தில் இருக்கிறார், டைப் பண்ணச் சொல்கிறார்: "ரப்பர் பால் வெட்டுற மாதிரிதான். கத்தியை அமுக்கினா மரத்துல காயம், அப்புறம் பட்டை முண்டு முண்டாத்தான் வளரும்."

ரவி மாமா: அதேதான் அத்தை. எண்ணிக்கை சொல்கிற வேலை உங்களுக்கு.

ரவி மாமா: இன்னொன்று, வெட்டியதும் மிஞ்சும் மேல், கீழ்த் துண்டுகளை யாரும் குப்பையில் போடாதீர்கள். ரெசின் காயும்வரை இறக்கை அதற்குள்தான் படுத்திருக்கணும். இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும், விமானம் ஒரு பக்கமாகவே சாயும்.

சேகர் சித்தப்பா: சீக்கிரம் காய, ரெசினை இறுக்குகிற ஹார்டனர் கொஞ்சம் கூட்டலாமே?

ரவி மாமா: அது போலியெஸ்டர் பழக்கம் மச்சான். எபோக்சிக்கு டின்னில் போட்ட அளவுதான். கூடினாலும் குறைந்தாலும் கடைசிவரை சரியாக இறுகாது. நம் ஊர்ச் சூட்டில் அதுவே வேகமாகக் காயும். கலந்து கப்பிலேயே வைத்தால் கொதித்துப் புகையும், உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடணும்.

தேவி பெரியம்மா: பிள்ளைகள் கையில் பட்டால்?

ரவி மாமா: நைட்ரைல் கையுறை கட்டாயம் அக்கா. அடிக்கடி பட்டால் அலர்ஜி பிடித்துக்கொள்ளும், பிறகு லேசில் விடாது. தேய்க்கும்போது முகக்கவசம், நீளக்கைச் சட்டை. கண்ணாடித் தூள் அரிப்பு பொல்லாதது.

கவின்: நிஜ விமானம் இப்படிச் செய்திருக்கிறார்களா?

ரவி மாமா: அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் வேரிஈஸ், 1975இல் பறந்தது. இரண்டு பேர் உட்காரலாம். இறக்கை இதே முறைதான்: ஃபோமைச் சூட்டுக் கம்பியில் வெட்டி, மேலே கிளாஸ், எபோக்சி.

கவின்: 😮 என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் மாமா.

ரவி மாமா: சரி. துணி சதுர மீட்டருக்கு 49 கிராம் ரகம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 22 கிராம்தான் வரும், ரெசினும் ஏறக்குறைய அவ்வளவே. பளபளப்பு வேண்டும் என்று ஊற்றித் தள்ளினால் எடைதான் கூடும். ஒரு கிராமும் காட்டுகிற தராசு யாரிடம் இருக்கிறது?

தேவி பெரியம்மா: என் கேக் தராசு இருக்கிறது. ரெசின் பட்டால் புதுசு வாங்கித் தரணும்.

ரவி மாமா: பிளாஸ்டிக் பை போட்டு மூடித்தான் வைப்போம் அக்கா. ஞாயிறு காலை 8 மணிக்கே தொடங்குவோம், மதிய மழைக்கு முன்னால் ரெசின் வேலை முடியணும். ஈரத்தில் மேலே பிசுபிசுவென்று படியும்.

சேகர் சித்தப்பா: அப்போ நாசி லெமாக் 7.30க்கே வந்துவிடும். எத்தனை பொட்டலம்?